கீழ்ப் பாட்டில்

தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று முதலில் சொன்னது நான்தான். பாட்டில் அண்ணன் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு பேசியவர்கள் எல்லாம் பழியைத் தூக்கி அவர் தலையில்தான் போட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் போடாவிட்டாலும் இல்லை என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் வண்டி ஓட்டுகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வேலை. பின்னால் ஐஸ் பெட்டி, அதில் வெள்ளை பாட்டில்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் மையால் எழுதிய எண். பெரிய ஆற்றில் மூன்று பாலம், அதில் வந்து சேரும் நடுத்தர ஓடைகளில் ஐந்து இடம், கடைசியாகக் காய்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் ஓடும் சின்ன ஓடை. கரையில் நின்று ஒரே எட்டு வைத்தால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அதன் அகலம். இந்தத் தண்ணீரை எல்லாம் ஆராய்ச்சி செய்யும் எங்கள் மேடத்துக்கு என்னவோ அந்தச் சின்ன ஓடை மேல்தான் உயிர்.

அண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் பிடிக்கிறார். பாட்டிலை அந்தந்த இடத்துத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசுவார். வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, மேலே மிதக்கும் தூசி உள்ளே போகாமல் ஒரு சாண் ஆழத்தில் பிடிப்பார். அடி மண் கலங்கினால் கொட்டிவிட்டு, கலங்கல் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி பிடிப்பார். மூடி போட்டதும் துடைத்து, தாளில் நேரம் எழுதி, ஐஸுக்குள் அமுக்குவார். அவர் எடுத்த பாட்டிலில் தப்பு வராது என்று பரிசோதனைக் கூடத்தில் சின்னவர் பெரியவர் எல்லாரும் சொல்வார்கள். இந்தப் பேச்சுதான் கடைசியில் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

சின்ன ஓடையில் மட்டும் இரண்டு பாட்டில். சாலைச் சிறுபாலத்துக்குக் கீழே ஒன்று, அது மேல் பாட்டில். அங்கிருந்து ஓடையோடு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கினால், அது அடுத்த ஓடையில் கலப்பதற்கு முன்னால் ஒன்று, அது கீழ்ப் பாட்டில். ஒத்தையடிப் பாதை. வண்டி போகாது. இடத்தைக் காட்ட மேடமே முதல் நாள் எங்களை நடத்திக் கூட்டிப் போனார். அன்றைக்கு வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று சாக்குச் சொல்லிப் பாதியில் திரும்பிவிட்டேன்.

அந்தப் பாதி வழியில் மேடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்தில் போடும் உரம் மழையில் கரைந்து ஓடைக்கு வருகிறது. அதில் இருக்கும் நைட்ரஜன் அப்படியே ஆற்றுக்கும், அங்கிருந்து ஊர் குடிக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்ந்தால் தண்ணீர் பச்சைப் பாசியாகிக் கெட்டுவிடும். ஆனால் சின்ன ஓடை சும்மா விடாது. கணுக்கால் ஆழம்தான் என்பதால் தண்ணீர் முழுக்கக் கல்லையும் மணலையும் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். கல் மேலே வழவழவென்று ஒட்டியிருக்கிறதே, அதில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நைட்ரஜனைத் தின்னும், ஒரு பங்கைக் காற்றாக்கி மேலே அனுப்பிவிடும். பெரிய ஆற்றில் மேலே போகும் தண்ணீர் அடியைப் பார்ப்பதே இல்லை. வாங்கியதைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

“சந்துல நடந்தா ஒவ்வொரு வாசல்லயும் நின்னு பதில் சொல்லிட்டுத்தான் போகணும்ல அண்ணே? ஹைவேல போறவனை யாரு நிறுத்தறா?” என்றார் மேடம். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. அவர் மனைவியிடம், எங்கள் அண்ணியிடம், அதை அப்படியே சொல்லியிருக்கிறார். அண்ணி பள்ளிச் சீருடை தைப்பவர். ஒரு அளவை இரண்டு தடவை எடுக்காமல் கத்தரியைத் தொடமாட்டார். அப்படிப்பட்ட ஆளுக்கே அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது.

அண்ணனின் வலது முழங்கால் அப்போதே தேய்ந்திருந்தது. முதல் செவ்வாய்க்கிழமை மேல் பாட்டிலைப் பிடித்துவிட்டு, கீழ்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி நின்றார். நான் வண்டிக்குள் இருந்தேன். வெயில். பசி. திரும்பும் வழியில் இருக்கும் டீக்கடையில் நாலு மணிக்குள் போனால்தான் சூடாக பன் கிடைக்கும். சத்தியமாக இதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

“ஏன்ணே கஷ்டப்படறீங்க? எல்லாம் ஒரே தண்ணிதானே. இங்க இருக்கிறதுதான அங்க போகுது? ரெண்டையும் இங்கயே புடிச்சிடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். ஒரு தடவைதான், வலி குறைந்ததும் அடுத்த வாரம் இறங்கிவிடலாம் என்றார். அதே சிறுபாலத்துக்கு அடியில், அதே தட்டைக் கல்லில் நின்று கீழ்ப் பாட்டிலையும் பிடித்தார். மூன்று தடவை அலசித்தான் பிடித்தார், அதில் ஒரு குறையும் இல்லை. தாளில் நேரம் எழுதும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து, இருபத்தைந்து நிமிடம் கூட்டி எழுதினார்.

அடுத்த வாரமும் வலி இருந்தது. அதற்கடுத்த வாரம் மழை. அதற்கப்புறம் அவர் பாதையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். இரண்டு வருடம் போயிற்று.

இந்த இரண்டு வருடமும் மேடத்துக்கு ஒரே குழப்பம். மேல் பாட்டிலில் நைட்ரஜன் அளவு ஒன்பது என்றால் கீழேயும் ஒன்பது. மேலே ஏழு என்றால் கீழேயும் ஏழு. அச்சு அசலாக ஒரே எண். மற்ற ஊர்களில் எல்லாம் சின்ன ஓடை பாதிக்குப் பாதி குறைக்கிறது, இந்த ஓடை மட்டும் ஏன் ஒன்றுமே தின்னவில்லை? கல்லைப் புரட்டிப் பார்த்தார், ஓடை மண்ணை அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார். பெரிய அதிகாரிகள் முன்னால் நின்று தனக்குக் காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்த அன்று வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ பாட்டிலைச் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள். பாட்டில் பிடிக்கிறவர் இருபது வருடமாகப் பெயர் எடுத்தவர், பாட்டிலில் தப்பிருக்காது, தப்பு என் நினைப்பில்தான் என்று மேடம் பதில் சொல்லியிருக்கிறார். இதை அவரே எங்களிடம் சொன்னார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தேவையில்லாமல் கியர் மாற்றினேன்.

அப்புறம் மேடத்தின் அறிக்கை அச்சாகி வந்தது. இந்த ஓடை நைட்ரஜனைக் குறைப்பதில்லை என்று அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், இத்தனை மாதிரிகளையும் தவறாமல் சேகரித்துத் தந்தவர் என்று அண்ணனின் பெயர் முழுசாக, அவர் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. அண்ணி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்தார். சீருடைக்கு அளவு கொடுக்க வரும் பெற்றோர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஒரு தடவை எனக்கே காட்டினார், நான் பார்த்ததில்லை என்று நினைத்து. “உங்க பேரும் போட்டிருக்கலாம் தம்பி, நீங்களும்தான வெயில்ல அலையறீங்க” என்று எனக்காக வருத்தப்பட்டார்.

அந்த அறிக்கையை வைத்து நகரசபை ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு வேலையும் செய்யாத ஓடையை எதற்கு விட்டுவைக்க வேண்டும்? சிமெண்ட் குழாய்க்குள் விட்டு, மேலே மண்ணடித்துச் சமன்படுத்தினால் காய்கறிச் சந்தை லாரிகள் நிற்க இடமாகும். குழாய்கள் வந்து சிறுபாலத்துப் பக்கம் இறங்கின, ஒவ்வொன்றும் ஆள் உயரம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கையெழுத்தானால் திங்கட்கிழமை தோண்ட ஆரம்பிப்பார்கள். குழாய்க்குள் கல்லும் இல்லை, மணலும் இல்லை, சந்தும் வாசலும் ஒன்றும் இல்லை. தோட்டத்து உரம் நேராக ஏரிக்குத்தான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அண்ணனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. செவ்வாய்க்கிழமை வேலை நிற்கக் கூடாதென்று மேடமே அண்ணியைத் தற்காலிகமாகப் போட்டார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு வாளித் தண்ணீரை வைத்து அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தார். அலசுவது, சாய்ப்பது, மூடுவது எல்லாம். கீழ்ப் பாட்டிலுக்கு எவ்வளவு தூரம் இறங்க வேண்டும், எந்தக் கல்லில் நிற்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னார். இரண்டையும் மேலேயே பிடித்துக்கொள் என்று கட்டிய மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாளிக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் இருவர் கண்ணும் சந்திக்கவே இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை சிறுபாலத்தில் அண்ணி மேல் பாட்டிலைப் பிடித்துவிட்டு, கீழ்ப் பாட்டிலோடு பாதையில் இறங்கிவிட்டார். பாதை வழுக்கும் அண்ணி, வேண்டாம் என்றேன். அந்த மனுஷன் கால் வலியோடு வாரா வாரம் இறங்குகிறார், எனக்கென்ன கேடு என்று சொல்லிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் கழித்து முட்டி வரை ஈரமாக, சேலை ஓரமெல்லாம் புல்விதை ஒட்டியபடி ஏறி வந்தார். அளவெடுக்கிற பழக்கம், எட்டுகளைக் கூட எண்ணியிருக்கிறார். ஆயிரத்து நூற்று நாற்பது.

“ஆள் நடந்த வழி மாதிரியே இல்லையே தம்பி. இடுப்பளவு புல்லு.”

மழைக்கு வளர்ந்திருக்கும் என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

புதன்கிழமை சாயங்காலம் மேடத்தை நான்தான் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மேலே ஒன்பது, கீழே ஐந்து என்று முடிவு வந்திருந்தது. சின்ன முன்னறை. ஒரு பக்கம் தையல் இயந்திரம், ஒரு பக்கம் அண்ணனின் கட்டில், நடுவில் மடித்து அடுக்கிய நீல நிறச் சட்டைகள். அண்ணி எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, மேடம் என்ன சொல்லப் போகிறார் என்று சந்தோஷமாகவே நின்றார். வேலையை ஒழுங்காகச் செய்துவிட்ட முகம் அது.

“அக்கா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. கீழ்ப் பாட்டில் மட்டும் கொஞ்சம் தப்பா வந்திருக்கு. புதுசா செய்யறவங்களுக்கு நடக்கிறதுதான். குழாய்த் தண்ணி ஏதாவது கலந்திருக்குமோ?”

அண்ணியின் முகம் அப்படியே வாடிவிட்டது. ஓடைத் தண்ணீரில்தான் அலசினேன், மூன்று தடவை அலசினேன் என்றார். சொல்லும்போதே அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காலையில துணி தொவைச்சேன். கையில சோப்பு இருந்திருக்குமோ மேடம்? நல்லாத்தான் கழுவினேன்… எனக்குத்தான் தெரியாம இருந்திருக்கும்.”

“அவ சரியாத்தான் எடுத்திருப்பா” என்றார் கட்டிலில் இருந்து அண்ணன்.

“நீங்க சும்மா இருங்க. எனக்காகப் பேசாதீங்க. உங்க இருபது வருஷப் பேரை நான் ஒரே நாள்ல கெடுத்துட்டேன்” என்றார் அண்ணி. கண் கலங்கிவிட்டது. மேடம் எழுந்து அவர் தோளைத் தொட்டு, இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, ஒரு எண்தானே, அடித்துவிட்டால் போயிற்று என்று சமாதானம் சொன்னார். சொன்னபடியே பேனாவை எடுத்து, தாளில் அந்த ஐந்தின் மேல் ஒரு கோடு போட்டார்.

அந்த ஓடையில் இருந்து இரண்டு வருடத்தில் வந்த ஒரே உண்மையான எண் அதுதான். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், அண்ணி என்னை என்ன பார்வை பார்ப்பார் என்பது. டீயை ஊதி ஊதிக் குடித்தேன், அது ஆறி வெகு நேரம் ஆகியிருந்தது.

திரும்பும்போது மேடம் வண்டியில், ஐந்து என்று பார்த்ததும் ஒரு நிமிடம் துள்ளிக் குதித்துவிட்டேன், அப்புறம்தான் அது ஆள் மாறிய அன்றைக்கு வந்த எண் என்று உறைத்தது என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணி வண்டிக் கொட்டகைக்கு வந்து நின்றார். கையில் இரண்டு பாட்டில். நேற்று மேடத்திடமே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். சோப்புத் தொடாமல் சாம்பல் போட்டுக் கை கழுவியிருந்தார், விரல் இடுக்கெல்லாம் வெளுத்திருந்தது. சம்பளம் வேண்டாம், இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், கொஞ்சம் கூட்டிப் போங்கள் என்றார். எப்படி இல்லை என்பது?

சிறுபாலத்தில் இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணன் எங்க நின்னு புடிப்பாருன்னு காட்டுங்க தம்பி. நான் இடம் மாறி நின்னிருப்பேன்.”

தட்டைக் கல்லைக் காட்டினேன்.

“இது மேல் பாட்டிலுக்கு. கீழ்ப் பாட்டிலுக்கு?”

“அதுவும் இங்கதான் அண்ணி.”

அவருக்கு விளங்கவில்லை. இங்க என்றால் எங்கே என்று பாதையைப் பார்த்தார். நான் மென்று முழுங்கிச் சொன்னேன். இரண்டும் இங்கேதான், ஆரம்பத்தில் இருந்தே, இரண்டு வருடமாக. அவருக்குக் கால் வலி. அவராகச் செய்யவில்லை, நான்தான் சொன்னேன். எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் குழாய்களை ஒருமுறை பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

“நேத்து நான் கையை விரிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னேனே. அப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?”

நான் வண்டியின் பின்கதவைத் திறந்து ஐஸ் பெட்டியை இறக்கினேன்.

அவர் மேல் பாட்டிலைப் பிடித்து மூடிவிட்டு, பாதையில் இறங்கினார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அந்த ஓடையைக் கடைசி வரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். தண்ணீர் கணுக்காலைக் கூட மூடவில்லை. ஒரு கல்லைச் சுற்றி, அடுத்த கல்லை ஏறி, சருகில் தேங்கி, மணலுக்குள் புகுந்து, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி வெளியே வந்து, எதையும் தொடாமல் ஒரு அடி கூட நகரவில்லை. கல்லில் கை வைத்தேன், வழுக்கியது. மேடம் சொன்ன அதே வழவழப்பு. முன்னால் அண்ணி முணுமுணுவென்று எட்டுகளை எண்ணிக்கொண்டு போனார்.

வீட்டில் அண்ணி பாட்டில்கள் இரண்டையும் கட்டிலுக்கு முன்னால் முக்காலியில் வைத்து, மேடத்துக்கு போன் போடுங்கள் என்றார், அவ்வளவுதான். அண்ணன் பாட்டில்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதார். பெரிய மனுஷர், பேரப்பிள்ளை எடுத்தவர். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். என் பெயர் வந்த இடத்தில் மட்டும், “அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அவன் வண்டியிலதான் இருப்பான்” என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். அப்படியில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற அண்ணி அதைப் பார்த்தார்.

மேடம் திட்டவில்லை. முதல் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தானா என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்றார் அண்ணன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, தன் அறிக்கையைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இரண்டு வருடமாக எதை அளந்தீர்கள் மேடம் என்று ஒருவர் கேட்டு, அறையே சிரித்ததை வாசலில் நின்று நான் கேட்டேன். கடைசியில் ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் ஓடை வேலை செய்கிறது என்று காட்டினால் குழாய்கள் திரும்பிப் போகும்.

அண்ணன் உடல்நிலை காரணமாக விலகியதாக எழுதினார்கள். அந்த இடத்துக்கு அண்ணி வந்தார். அலமாரியில் அறிக்கை அப்படியேதான் இருக்கிறது, யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை. அண்ணன் ஊன்றுகோலோடு நடக்கிறார், ஆனால் தெருப்பக்கம் வருவதில்லை.

பத்து மாதமாகிவிட்டது. வாரா வாரம் கீழ்ப் பாட்டிலில் எண் குறைந்தே வருகிறது. வெயில் காலத்தில் பாதி, மழையில் ஓடை பெருகி வேகமாக ஓடும்போது கொஞ்சம்தான். மேடம் பழையபடி வண்டியில் பேசுகிறார். போன செவ்வாய்க்கிழமை எங்களோடு வந்தவர், ஓடையோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து பன் எடுத்தார். புது அறிக்கை தயாராகிறதாம்.

“டிரைவர் அண்ணே, அன்னிக்கு நீங்க அக்காவை மறுபடி கூட்டிட்டு வந்திருக்கலைன்னா இந்த ஓடையே இருந்திருக்காது. இந்தத் தடவை உங்க பேரையும் போடறேன். முழுப் பேரு சொல்லுங்க” என்றார்.

அண்ணி பாட்டிலை அலசிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம், மேடம், முதலில் சொன்னதே நான்தான் என்று. ஒரு வரி. அண்ணி பாட்டிலை மூடித் துடைத்து ஐஸுக்குள் அமுக்கினார். நேரம் கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார். பிறகு மேடத்தின் கையில் இருந்து ஒரு பன்னை வாங்கி என் பக்கம் நீட்டினார்.

பதினோரு வருடம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர்.

“சொல்லுங்க டிரைவர், பேரு கேக்கறாங்க இல்ல” என்றார்.

பன்னை வாங்கிக்கொண்டேன். பெயரைச் சொன்னேன்.